நாற்பத்துமூன்றுக்கு முப்பத்தாறு

24 மார்ச் 2025, திங்கள்

மதிப்புக்குரிய வேட்பாளர் திருமதி ஜசிந்தா அவர்களுக்கு,

இத்தனை வருடமாக உங்களை 'நீர்' என்றே அழைத்து வந்தேன். இனி அந்த உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியாது. நீங்கள் கட்சி தெரிவு செய்த வேட்பாளர். நான் இந்த ஜெர்மன் ஊரின் நகரசபையில் இருபத்தொரு வருடம் இருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். ஆகவே 'நீங்கள்'.

உங்கள் தொலைபேசி எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அல்லது கூடாத வார்த்தை ஏதாவது சொல்லிவிடுவேன். எழுத்தில் இரண்டையும் அடக்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை அந்த மண்டபத்துக்குள் வரும்போது எனக்கு ஒன்றுமே தெரியாது. கட்சித் தலைவர் மூன்றாம் வட்டாரத்துக்கு என் பெயரை வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். "வேறு யாராவது?" என்று வழமைபோலக் கேட்டார். அது ஒரு சடங்கு. 2009, 2014, 2020 மூன்று தரமும் அந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பிக் குவளைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்தமுறை கடைசி வரிசையில் கிளாவுஸ் எழும்பினார், அந்த ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. உங்கள் பெயரைச் சொன்னார். பகிடி என்று நினைத்து நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விளங்கியது, மண்டபத்தில் பாதிப் பேருக்கு முன்பே தெரியும் என்று.

நாலாக மடித்த தாளுடன் முன்னால் போனீர்கள். ஏழு நிமிடம் பேசினீர்கள். அந்த ஏழு நிமிடமும் நான் உங்களைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். அந்த முகங்களை எனக்குத் தெரியும். 2004இல் அவை என்னைத்தான் அப்படிப் பார்த்தன.

இரகசிய வாக்கு. நாற்பத்துமூன்றுக்கு முப்பத்தாறு. அந்த எழுபத்தொன்பது பேரில் பாதிப் பேரின் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தீர்கள். நான் கையை நீட்டினேன். பத்திரிகைக்காரன் அதைப் படமெடுத்துவிட்டான். இன்றைய பேப்பரில் நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் பல்லுக்கொதி வந்தவள் மாதிரி நிற்கிறேன்.

கட்சி அலுவலகக் கதவுத் திறப்பும் வட்டாரத்து மக்களின் கடிதங்கள் வைத்த சிவப்புக் கோப்பும் உங்களிடம் இருக்கின்றன. இரண்டையும் என் கணவரிடம் கொடுத்தனுப்பவும். நேரில் வரவேண்டாம்.

புஸ்பவதி விஜயரத்தினம்
நகரசபை உறுப்பினர் (ஒக்டோபர் 31 வரை)


6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

திறப்பையும் கோப்பையும் உங்கள் வாசலுக்கு வந்து அண்ணையிடம் கொடுத்துவிட்டேன். "உள்ளை வாரும் பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். வாசலில் உங்கள் சப்பாத்து இருந்தது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று விளங்கியது. திரும்பி வந்துவிட்டேன்.

தயவுசெய்து என்னை 'நீங்கள்' என்று எழுத வேண்டாம். ஏசுவதென்றால் ஏசுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்கச் சரியில்லை. ஜனவரியில் வட்டாரம் முழுக்கக் கலண்டர் கொடுத்துவிட்டு உங்கள் காரில் வந்துகொண்டிருந்தோம். நான் இரண்டு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, இந்தமுறை நான் நிண்டால் என்ன?"

"எங்கை?"

"தேர்தலிலை. எங்கடை வட்டாரத்திலை."

நீங்கள் சிரித்தீர்கள். "நீர் நிண்டால் பேந்து ஆர் கதிரை அடுக்கிறது?"

நானும் சிரித்தேன். அடுத்த சிக்னலில் நீங்கள் மேயரின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று கேட்டீர்கள். நான் பூச்சாடி என்றேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் நடையில் கிடந்த வாங்குப் பலகையில் குந்தியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மகன் சுலக்ஷன் வந்து, "அம்மா, வெளியிலை போறியளோ, வாறியளோ?" என்று கேட்டான். கதிரை அடுக்குவது எனக்கு வெட்கமில்லை அக்கா. பத்தொன்பது வருடம் உங்கள் கூட்டங்களுக்கு அடுக்கினேன். நான் வேறெதுவும் செய்யக்கூடும் என்று உங்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை என்பதுதான் அன்றைக்கு விளங்கியது.

அடுத்தது பேருந்து. நவம்பரில் நகரசபையில் அதிகாலையின் முதலாவது பேருந்தை நிறுத்த வாக்கெடுத்தார்கள். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சாப்பாட்டறையில் ஒரு பாட்டிக்குச் சூப் பருக்கிக்கொண்டே போனில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். நீங்கள் கை உயர்த்தினீர்கள். ஆறு மணி வேலைக்கு நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஜனவரி தொடக்கம் பூங்காவுக்குள்ளால் நாற்பது நிமிடம் நடக்கிறோம். உங்களிடம் கேட்டேன். "அது குழுவின்ரை முடிவு, நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றீர்கள். கிளாவுஸிடம் சொன்னேன். அவர், "அப்போது நீயே நில்" என்றார். எனக்கு அப்படி யாரும் முன்பு சொன்னதில்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். 2014இல் சிறுவர் பூங்கா திறந்தபோது பத்திரிகையில் படம் வந்தது நினைவிருக்கிறதா? நீங்கள் நடுவில் கத்தரிக்கோலுடன் நின்றீர்கள். பக்கத்தில் கேக் தட்டம் பிடித்தபடி நான். படத்தை வெட்டிப் போட்டபோது என் முழங்கை மட்டும் மிஞ்சியது. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் அழகான படம் என்பதால் வைத்திருப்பதாக வீட்டில் சொல்வேன்.

பேருந்துக்காக நின்றேன் என்று மண்டபத்தில் சொன்னேன். அது உண்மை. முழங்கைக்காகவும் நின்றேன். அதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள்
ஜசிந்தா


ஆஹென், 22 ஏப்ரல் 2025

ஜசிந்தா,

கோபம் முற்றினால் மரியாதை நிற்காது. 'நீர்' என்றே எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு மகள் தக்சாயினி வீட்டுக்கு வந்தேன், இன்னும் திரும்பவில்லை. இங்கே பேருந்து நிறையப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பெடியங்கள் எனக்கு எழும்பி இடம் தருகிறார்கள், கிழவி என்பதற்காக. ஒருவருக்கும் நான் யாரென்று தெரியாது. முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் அதுவே தாங்க முடியாமல் போனது.

வரமுதல் ஒரு காரியம் செய்தேன். ஈஸ்டருக்கு முதல் சனிக்கிழமை நீர் சந்தைச் சதுக்கத்தில் சாயம் பூசிய முட்டை கொடுத்தீர் அல்லவா? அந்த முட்டை யோசனை என்னுடையது, 2006ஆம் ஆண்டு. நான் எதிரே இருந்த மருந்துக் கடைக்குள் நின்றேன். இருமல் மிட்டாய்த் தட்டுக்குப் பின்னால் அரை மணித்தியாலம் நின்று, உம்மிடம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணினேன். அறுபத்தொன்று. எனக்கு ஒரு ஈஸ்டரிலும் நாற்பதைத் தாண்டியதில்லை. ஒரு மனுசி உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவளுடைய மகனுக்கு வதிவிட அனுமதி எடுத்துக் கொடுக்க நான் எட்டு மாதம் அலைந்தேன். கடைக்காரப் பெண் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். எனக்கு இருமலே இல்லை. மூன்று பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

தக்சாயினி அந்தப் பெட்டிகளைக் கண்டுவிட்டு விசாரித்தாள். உள்ளதைச் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு ஜசிந்தா அன்ரியிலை எரிச்சல், பொறாமை," என்றாள்.

"எனக்கோ? அவவிலையோ?" என்று மேசையில் அடித்தேன். தேத்தண்ணி அவளுடைய கணினிக்கு மேல் ஊற்றுப்பட்டுவிட்டது.

பேருந்தைப் பற்றி எழுதியிருந்தீர். பிழை செய்தேன் என்று நான் எழுதமாட்டேன். வடக்குக் கிளை நூலகமா, அதிகாலைப் பேருந்தா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று மூடிய கதவுக்குள் என்னைக் கேட்டார்கள். நூலகத்தைக் காப்பாற்றினேன். பள்ளிக்கூடம் விட்டு எழுபது பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். அரசியல் என்றால் அதுதான். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுப்பது. உம்முடைய ஏழு நிமிடத்தில் நூலகம் வரவில்லை.

தீர்மானித்துவிட்டேன். கட்சி வேண்டாம். சுயேச்சையாக நிற்கப்போகிறேன். இருபது கையெழுத்து வேண்டும், பன்னிரண்டு இப்போதே கிடைத்துவிட்டது. மனுக் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை ஏழு, பின்னேரம் ஆறு மணி.

"ஏனம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஏனெண்டால் அது என்ரை இடம்."

புஸ்பவதி


18 மே 2025

அன்புள்ள அக்கா,

நூலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டு அங்கே போய்ப் பிள்ளைகளைப் பார்த்தேன். சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் சொல்லவில்லை. கதவுக்கு உள்ளே நடப்பதை என்னிடம் சொல்லவேண்டும் என்று உங்களுக்கு ஒரு நாளும் படவில்லை. சந்தைக்குப் போகும்போது குடை எடுத்தீரா என்று மட்டும் கேட்பீர்கள்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். தெரிவுக் கூட்டத்தில் வென்றால் எனக்கு அது நின்றுவிடும் என்று நம்பினேன். கூடிவிட்டது. ஒவ்வொரு கதவிலும் உங்களைத்தான் கேட்கிறார்கள், "பிராவ் விஜயரத்தினம் எங்கே? அவருக்குச் சுகமில்லையா?" நான் என்னைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தால், உங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

பள்ளிக்கூடத் தெருவில் ஒரு கிழவி, பிராவ் லிண்ட்னர், உங்கள் கடிதம் ஒன்றைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். 2011இல் அந்தச் சந்தியில் சமிக்ஞை விளக்கு வருகிறது என்று எழுதிய கடிதம். "எப்படிப்பட்ட மனுசி!" என்று அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். அந்த விளக்குக்காக மூன்று நாள் மழையில் நின்று எத்தனை கார் போகிறது என்று எண்ணியவள் நான். எனக்குக் காய்ச்சல் வந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. "ஓம், நல்ல மனுசி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்த விளக்கு மூன்று தரம் பச்சையாகும் வரைக்கும் கடக்காமல் நின்றேன்.

இனி நீங்கள் கேட்க விரும்பாத விஷயம். டயர்க் கடைக்காரனைத் தெரியும்தானே. எங்களைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று பதாகை கட்டுகிற கட்சிக்கு அவர்தான் எங்கள் வட்டாரத்தில் நிற்கிறார். பெப்ரவரித் தேர்தலில் எங்கள் ஆறு வாக்குச்சாவடியில் மூன்றில் அவர்களுடைய கட்சிதான் முன்னுக்கு வந்தது. போன சனிக்கிழமை சந்தையில் என்னிடம் வந்து சிரித்தார். "நீங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சண்டை பிடியுங்கள். நான் நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்" என்றார். கையில் ரொட்டியும் சொசேஜும் வைத்திருந்தார், அதைக் காட்டித்தான் சொன்னார்.

நிற்கவேண்டாம் என்று உங்களிடம் கேட்கமாட்டேன். ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நில்லுங்கள் அக்கா. ஆனால் எங்கள் ஆறு வாக்குச்சாவடியும் உங்களுக்கு உள்ளங்கை மாதிரி. ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஜசிந்தா


8 ஜூலை 2025

ஜசிந்தா,

நேற்று நடந்தது உமக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஊருக்குத் தெரிந்தது வேறு, நடந்தது வேறு. நடந்ததை எழுதுகிறேன்.

இருபத்துமூன்று கையெழுத்துடன் தேர்தல் அலுவலகத்துக்கு ஐந்து இருபதுக்குப் போய்விட்டேன். என்ரை மனுசன் காரைக் கீழே நிறுத்தி உள்ளேயே இருந்தார். இந்தக் காரியத்தில் என்னுடன் மேலே வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மூன்றாம் மாடியில் நடையில் ஒரு வாங்கு கிடக்கிறது. அதில் குந்தியிருந்து, கோப்பு உறையின் பின்பக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். நீர் 'எண்ணிப் பாருங்கள்' என்று எழுதியதால் அதுவரைக்கும் வேண்டுமென்றே எண்ணாமல் இருந்தேன்.

ஆறு வாக்குச்சாவடியையும் ஒவ்வொன்றாக எழுதினேன். டயர்க் கடைக்காரன் முதலாவது. நீர் இரண்டாவது. நான் மூன்றாவது. எனக்குச் சாதகமாக எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்து இன்னொருமுறை எழுதினேன். நூலகத்துப் பெற்றோர் எல்லோரும் எனக்கு, கோவிலுக்கு வருகிற சனம் எல்லாம் எனக்கு என்று போட்டேன். அப்போதும் அவன் முதலாவது, நீர் இரண்டாவது, நான் மூன்றாவது.

அந்த ஆள் நகரசபைக்குள் வருவதை நினைக்கப் பயமாக இருந்தது, உண்மைதான். ஆனால் என்னை அந்த வாங்கிலிருந்து எழும்பவிடாமல் வைத்தது அது இல்லை. உமக்குப் பின்னால் வருவது. ஒருமுறை எழுபத்தொன்பது பேருக்கு முன்னால் உம்மிடம் தோற்றேன். இன்னொருமுறை வட்டாரம் முழுவதுக்கும் முன்னால், அச்சடித்த எண்களில், உம்முடைய பெயருக்குக் கீழே என் பெயர் வந்தால் நான் அதைத் தாங்கமாட்டேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அலுவலர் கதவைத் திறந்து பார்த்தார். "பிராவ் விஜயரத்தினம், கொடுக்க ஏதாவது இருக்கிறதா?"

போன தரம் வந்தபோது குடையை விட்டுவிட்டேன், தேடி வந்தேன் என்றேன். முப்பத்துநாலு பாகை வெயில். பாவம் அந்த மனுசன், உண்மையாகவே உள்ளே போய்த் தேடினார்.

காருக்குள் ஏறியதும் என்ரை மனுசன் என் மடியில் இருந்த கோப்பைப் பார்த்தார். "ஐஸ்கிரீம் சாப்பிடுவமோ?" என்றார்.

இன்றைக்குக் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கட்சித் தலைவர் 'பெருந்தன்மை' என்றார். மேயர் பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். தன்னைவிட நகரத்தைப் பெரிதாக நினைத்தவர் என்று பத்திரிகையில் போடப்போகிறார்களாம். ஒருவரையும் நான் திருத்தவில்லை. கணவரிடம் உண்மையைச் சொன்னால் ஆறுதல் சொல்வார். மகளிடம் சொன்னால் புத்தி சொல்வாள். உம்மிடம் சொன்னால் இரண்டும் கிடைக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

புஸ்பவதி


20 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

ஆறுதலும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. எனக்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் மனுக் கொடுக்கவில்லை என்று கிளாவுஸ் வந்து சொன்னபோது எல்லோரும் அலுவலகத்தில் கட்டிப்பிடித்தார்கள். நானும் கட்டிப்பிடித்தேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நீங்கள் நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்திருக்கிறது அக்கா. அந்த மண்டபத்து நாற்பத்துமூன்று எனக்குப் போதவில்லை. இன்னும், உங்கள் மேல் கோபமாக இருந்தவர்கள் எனக்குப் போட்டார்கள் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். பிராவ் லிண்ட்னர் உங்களையும் என்னையும் ஒரே வாக்குத் தாளில் பார்த்து எனக்குக் குறுக்குப் போடவேண்டும் என்று விரும்பினேன். அதற்காக டயர்க் கடைக்காரன் உள்ளே வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாதரிடம்கூட இதை முழுதாகச் சொல்லவில்லை.

ஒரு உதவி கேட்கவேண்டும். ரயில் பாதைக்குப் பக்கத்துப் பதினொரு மாடிக் கட்டடத்தில் ஒருவரும் எனக்குக் கதவு திறக்கிறார்கள் இல்லை. லிப்ட் பழுது. உங்கள் பெயரைச் சொன்னால்தான் சங்கிலியைக் கழற்றுகிறார்கள். ஒரு நாள், ஒரு பின்னேரம், என்னுடன் வருவீர்களா?

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு எரிகிறது என்று உங்களுக்கு மட்டும்தான் விளங்கும்.

ஜசிந்தா


28 ஆகஸ்ட் 2025

ஜசிந்தா,

வரமாட்டேன். வந்தால் கதவைத் திறப்பவர்கள் என்னுடன்தான் கதைப்பார்கள், நீர் பின்னால் நிற்பீர். அது எனக்குச் சந்தோசமாக இருக்கும். அதனால்தான் வரவில்லை.

உம்முடைய சுவரொட்டியை எங்கள் குசினி யன்னலுக்கு நேரே உள்ள விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். காலமை தேத்தண்ணியுடன் உம்முடைய முகம். இப்போது படுக்கையறையில் இருந்து குடிக்கிறேன். உமக்கு நல்ல படம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு எடுத்தவன் என் முகத்து நாடியை எப்போதும் இரண்டாக்கிவிடுவான். யார் எடுத்தது?

போன கிழமை காற்றுக்குக் கட்டு அவிழ்ந்து, படம் கீழே சறுக்கி முழங்கால் உயரத்தில் நின்றது. நாய்கள் வந்து மணந்து பார்த்தன. இரண்டு நாள் நான் குசினிக்குத் திரும்பி வந்து தேத்தண்ணி குடித்தேன். மூன்றாம் நாள் என்ரை மனுசன் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். நானும் போய் ஏணியைப் பிடித்தேன். அறுபத்தொன்பது வயது மனுசன் விழுந்துவிடுவார் என்பதற்காக.

பு.


17 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஐம்பத்தெட்டு வாக்கால் வென்றுவிட்டேன். டயர்க் கடைக்காரன் இரண்டாவது. கட்சிப் பட்டியலில் அவருக்கும் ஒரு இடம் கிடைக்கும் என்கிறார்கள், அதனால் எப்படியும் உள்ளே வரப்போகிறார். ஆனால் எங்கள் வட்டாரத்தின் பெயரில் வரவில்லை.

பதினொரு மாடிக்கு ஒன்பது தரம் ஏறினேன். இரண்டு தரம் சுலக்ஷன் வந்தான், மற்ற நாளெல்லாம் தனியே. ஏழாம் மாடியில் ஒரு சிரியாக்காரப் பெண் எனக்குத் தண்ணி தந்தாள். அடுத்த நாள் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு மற்றக் கதவுகளைத் தட்டினாள். அந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்தது நூற்றிப்பன்னிரண்டு. நீங்கள் வராதது நல்லதாகப் போயிற்று. வந்திருந்தால் அந்த நூற்றிப்பன்னிரண்டையும் உங்களுடையது என்றே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

வென்ற அன்று அலுவலகத்தில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும்.

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கமாட்டேன்.

ஜசிந்தா


12 டிசம்பர் 2025, வெள்ளி

ஜசிந்தா,

மூன்று மாதமாக உமக்குப் பதில் எழுதவில்லை. நேற்று நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க ஏலாது.

முதலில் நீர் கேட்காத கேள்வி. ஓம், உமக்குத்தான் போட்டேன். உம்முடைய பெயருக்கு நேரே உள்ள கட்டத்தில் குறுக்குப் போட எனக்கு எடுத்த நேரத்தில், எனக்குச் சுகமில்லையா என்று வாக்குச்சாவடி அலுவலர் திரைக்கு வெளியே நின்று கேட்டார்.

நேற்று நகரசபைக்கு வருவதாக ஒருவருக்கும் சொல்லவில்லை. பார்வையாளர் மாடத்தில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். எதற்கு வந்தேன் என்று நேர்மையாக எழுதுகிறேன். அது உம்முடைய முதல் பேச்சு. நீர் தடக்கி விழுவதைப் பார்க்க வந்தேன்.

என் பழைய இடத்தில்தான் உம்மை இருத்தியிருந்தார்கள், யன்னல் பக்கம், இரண்டாம் வரிசை. நீர் எழும்பினீர். அதிகாலைப் பேருந்தைத் திரும்ப விடவேண்டும், நூலகத்திலும் கை வைக்கக்கூடாது என்று தொடங்கினீர். நூலகம் உம்முடைய வாயிலிருந்து வந்தபோது என் காது சுட்டது. இரண்டாம் நிமிடத்தில் ஒரு நீளமான ஜெர்மன் சொல்லில் தடக்கினீர். திரும்பச் சொன்னீர், திரும்பவும் பிழைத்தது. எனக்குள் ஏதோ இனித்தது. ஓம், இனித்தது.

அப்போது டயர்க் கடைக்காரன் அந்தச் சொல்லை நீர் சொன்ன மாதிரியே, உம்முடைய குரலில், உரக்கச் சொன்னான். அவனுடைய வரிசை முழுக்கச் சிரித்தது. எங்கள் கட்சி வரிசையிலும் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான், நான் கண்டேன்.

நான் எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. மாடத்துக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் ஜெர்மனில் கத்தியதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்: "சிரிச்சது காணும்! காலமை நாலு மணிக்கு எழும்பி உன்ரை தாயைக் குளிப்பாட்டுறது இவதான்! அந்த மனுசிக்கு இவவின்ரை ஜெர்மன் வடிவா விளங்குது!"

அவனுடைய தாய் உங்கள் முதியோர் இல்லத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர். இந்த வட்டாரத்தில் யாருடைய தாய் எங்கே என்று எனக்குத் தெரியும். அதைச் சபையில் சொல்லியிருக்கக்கூடாது. அந்தக் கிழவியிடம் நான் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மேயர் மணியை அடித்தார். கதிரையில் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை, இன்னும் இரண்டு வசனம் சொன்னேன், அவை எழுத உகந்தவை அல்ல. வெளியேற்றுங்கள் என்று கட்டளை வந்தது. சபைக் காவலர் என் கையைத் தொடாமல், "வாருங்கள் பிராவ் விஜயரத்தினம்" என்று மெதுவாகச் சொன்னார். இருபத்தொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் என்னை வெளியே போ என்று சொன்னதில்லை.

நடையில் கோட்டுகள் தொங்கும் இடத்தில் இருத்தினார்கள். அங்கே ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது. முதலில் சத்தம் இல்லை. பிறகு உம்முடைய குரல் வந்தது. அதே சொல்லை எடுத்து, எழுத்துக் கூட்டுவது மாதிரி, மெதுவாகச் சரியாகச் சொன்னீர். பிறகு நிற்கவில்லை. பூங்காவுக்குள் நடக்கிற அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னீர், உங்களில் ஒருத்தி பனியில் விழுந்து கை முறிந்ததைச் சொன்னீர். உம்முடைய கோரிக்கையைப் போக்குவரத்துக் குழுவுக்கு அனுப்புவதென்று இரண்டு வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. முதல் பேச்சில் அவ்வளவு கிடைப்பது பெரிய காரியம். என்னுடைய முதல் பேச்சுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

நல்ல பேச்சு, ஜசிந்தா. கோட்டுகளுக்கு நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு எரிந்தது. இப்படி நான் ஒரு நாளும் பேசவில்லை. நான் பேசும்போது எல்லோரும் ஓம் என்று தலையாட்டுவார்கள். நேற்று ஒருவரும் தலையாட்டவில்லை என்று தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்து நீர் வெளியே ஓடி வந்து என்னைத் தேடினீராம். காவலர் சொன்னார். நான் அதற்குள் போய்விட்டேன். உமக்கு முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. நன்றி சொல்லிவிடுவீரோ என்று பயமாகவும் இருந்தது. நன்றி சொல்லவேண்டாம். முப்பது வருடமாக உம்முடைய ஜெர்மனைக் கேட்கிறேன், அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறது. அவனுக்கு இல்லை. அதற்காகத்தான் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாரும். சமாதானம் என்று நினைக்கவேண்டாம், நான் இன்னும் அதற்கு வரவில்லை. உம்முடைய பேச்சில் மூன்று இடத்தில் பிழை விட்டிருக்கிறீர், அதைச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. நீரும் எனக்குச் சொல்ல வைத்திருப்பதைக் கொண்டுவாரும். நான் குறுக்கே கதைக்கமாட்டேன், அல்லது குறைவாகக் கதைப்பேன். அண்ணை நண்டு வாங்கப் போய்விட்டார். மூன்று கிலோ வாங்கச் சொன்னேன், நீர் வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் அதை என்ன செய்வது?

புஸ்பவதி